எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு நாய்கள்

பிள்ளைகளின் பிறந்தநாள் விழாக்களில் நீண்ட பலூனை முறுக்கி நாயாக்கிக் கொடுப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். மறுநாட் காலையில் அது காற்றுப்போய்ச் சுருங்கிக் கிடக்கும். இந்த அற்பாயுட் பண்டத்துக்கு நிலைபேறு கொடுக்க முனைந்தவர் அமெரிக்கச் சிற்பி ஜெப் கூன்ஸ்.

அன்றாடம் புழங்கும் மலிவான பொருள்களையும் விளம்பரங்களையும் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்த இயக்கத்தைப் பொப் கலை என்பர். 1962இல் அன்டி வார்ஹோல் காட்சிக்கு வைத்த சூப் தகரப்பேணி ஓவியங்கள் அதற்குப் பிரசித்தமான உதாரணம். கூன்ஸ் அடுத்த தலைமுறையினர். 1994இல் அவர் தொடங்கிய 'பலூன் நாய்', துருப்பிடியா உருக்கில், கண்ணாடிபோல் மினுக்கப்பட்டு, ஐந்து நிறங்களில் ஐந்து சிற்பங்களாயிற்று. ஒவ்வொன்றும் பத்தடி உயரம். செம்மஞ்சள் நாய் 2013இல் நியூயோர்க்கில் 5 கோடி 84 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது.

அவ்வளவு பணமில்லாத சேகரிப்பாளருக்காக 2021இல் நீல நிறத்தில் ஒரு பீங்கான் நாய் வந்தது. பிரான்சின் லிமோஜ் நகரம் பீங்கானுக்குப் பேர்போனது. அங்குள்ள பர்னார்டோ நிறுவனமே அதைச் செய்தது. உயரம் சுமார் 40 சென்ரிமீற்றர். மொத்தம் 799 பிரதிகள், அதற்குமேல் இல்லை.

2023 பெப்ரவரியில், மியாமிக் கலைச்சந்தையொன்றில், பார்வையிட வந்த பெண்ணொருவர் தவறுதலாகப் பீடத்தைத் தட்டிவிட, 42,000 டொலர் பெறுமதியான நாயொன்று விழுந்து நொறுங்கியது. இதுவும் ஒரு கலை நிகழ்வோ என்று நின்றவர்கள் சிலர் மயங்கினராம். 799 இப்போது 798 ஆகிவிட்டது, சேகரிப்பாளருக்கு அது நல்லதுதான் என்று கலைக்கூடத்தார் தரப்பில் சொல்லப்பட்டது.

'அருமை' என்னும் நம் சொல்லுக்குக் கிடைத்தற்கரியது என்றும் பொருளுண்டு, சிறப்பு என்றும் பொருளுண்டு. சந்தை இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறது. எனக்கு அது சம்மதமில்லை. ஏட்டுச்சுவடி ஒன்றைச் செல்லரித்தால், மிச்சச் சுவடிகளின் விலை ஏறிற்றென்று எந்தத் தமிழாசிரியரும் மகிழார். ஒரு பாட்டு ஆயிரம் பிரதி அச்சாவதால் அதன் சுவை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைவதுமில்லை. பீங்கான் நாயிலோ எண்ணூறாவதைச் செய்வதற்கு மண்ணும் சூளையும் தடையல்ல. செய்வதில்லை என்ற வாக்குறுதியே தடை. வாங்குபவர் நாயோடு அந்த வாக்குறுதியையும் சேர்த்தே வாங்குகிறார்.

ஆனாலும் கூன்ஸை வெறும் வியாபாரி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த மினுக்கிய வயிற்றில் பார்ப்பவர் தம் முகத்தையே காண்கிறார். காற்றடைத்த பலூனின் மென்மை, தொட்டால் உடையும் பீங்கானிலும் அப்படியே தெரிகிறது.

மியாமியில் சில்லுகளைக் கூட்டியள்ளிப் பெட்டியில் இட்டார்கள். அங்கு நின்ற ஓவியர் ஒருவர் அவற்றையும் விலைக்குக் கேட்டார்.