நாணயம் விற்பனைக்கு அல்ல!

தெரு முனையிலே ஒரு மளிகைக் கடை. ஆலைத் தொழிலாளி ஒருவன் அங்கே அரிசியும் பருப்பும் பற்று வைத்து வாங்குகிறான். கடைக்கார அண்ணாச்சியின் நோட்டிலே அவன் பெயர் இருக்கிறது. எந்த மாதம் பாக்கி நின்றது, எந்த மாதம் வீட்டிலே நோயாளி இருந்தார், எந்த மாதம் சம்பளம் வராமல் அரைப்படி அரிசியோடு திரும்பினான் - அத்தனையும் அந்த நோட்டிலே இருக்கிறது. ஒரு குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் ஒரு பழைய நோட்டின் பக்கங்களிலே!

அந்த நோட்டை அண்ணாச்சி வட்டிக்காரனிடம் விற்றாரா? எதிர்வீட்டுக்காரனிடம் விரித்துக் காட்டினாரா? இல்லை. சட்டமா தடுத்தது? அதுவும் இல்லை. தடுத்தது நாணயம். பையிலே இருக்கும் காசுக்கும் நாணயம் என்று பெயர். சொன்ன சொல் தவறாத குணத்துக்கும் நாணயம் என்றே பெயர். இரண்டாவது போனால் முதலாவதும் போய்விடும் என்பதை அறிந்தவர் அண்ணாச்சி. ஆகவேதான் கல்லாப் பெட்டியைப் பூட்டியதுபோலவே வாயையும் பூட்டி வைத்திருந்தார்.

இன்று கடை, கைக்குள்ளே வந்துவிட்டது. செல்போனைத் தொட்டால் சட்டை வருகிறது, செருப்பு வருகிறது, மருந்து வருகிறது. வரட்டும், வரவேற்போம். வசதியை வேண்டாமென்று சொல்லும் வைதிகர்கள் அல்லர் நாம். ஆனால் இந்தக் கடைக்கும் ஒரு நோட்டு உண்டு, தோழர்களே! அண்ணாச்சியின் நோட்டைவிட ஆயிரம் மடங்கு பெரிய நோட்டு. உன் பெயர், உன் வீட்டு எண், உன் வங்கிக் கணக்கு, நீ வாங்கியது மட்டுமல்ல, வாங்கலாமா என்று பார்த்துவிட்டு விலையைக் கண்டு பெருமூச்சு விட்டுத் திரும்பியதுகூட அதிலே பதிவாகிறது.

அந்த நோட்டை என்ன செய்வோம் என்று கடைக்காரர் எழுதி வைத்திருக்கும் பத்திரத்துக்குத் 'தனியுரிமைக் கொள்கை' என்று பெயர். பெயர் நன்றாயிருக்கிறது! படித்தவர் யார்? பக்கம் பக்கமாக, பொடி எழுத்திலே, வக்கீலுக்கு வக்கீல் எழுதிய மொழியிலே இருக்கிறது அது. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர் இருவர் 2008இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் ஓராண்டில் தாம் பார்க்கும் இணையத் தளங்களின் கொள்கைகளையெல்லாம் உட்கார்ந்து படித்தால், சுமார் 200 மணி நேரம் ஆகுமாம்! எட்டு மணி நேர வேலை என்றால் 25 நாள். ஒரு மாதக் கூலியை இழந்து இந்தப் பத்திரங்களைப் படிப்பவன் எங்கே இருக்கிறான்? ஆகவே, 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்துகிறோம். கைநாட்டு ஒழிந்தது என்று மார்தட்டினோம். படித்தவனும் படிக்காமலே கைநாட்டு வைக்கும் காலம் வந்துவிட்டது.

"எழுதியிருக்கிறார்களே, எழுதியபடி நடக்க மாட்டார்களா?" என்று கேட்பீர்கள். நடந்த ஒரு கதையைச் சொல்கிறோம், கேளுங்கள்.

அமெரிக்காவில் டாய்ஸ்மார்ட் என்றொரு கடை. இணையத்திலே குழந்தைகளுக்கான பொம்மை விற்ற கடை. அதன் பெரும்பங்கு, உலகப் புகழ் பெற்ற டிஸ்னி நிறுவனத்தின் கையிலே. "நீங்கள் தரும் விவரங்களை வேறெவருக்கும் ஒருபோதும் தரமாட்டோம்" என்ற பொருள்படத் தன் கொள்கையிலே அது உறுதி கூறியிருந்தது. போதாதென்று, நம்பகமான கடை என்று 'டிரஸ்ட்-ஈ' என்ற அமைப்பு வழங்கும் முத்திரையும் வைத்திருந்தது. தாய்மார்கள் நம்பினார்கள். தங்கள் பெயரைக் கொடுத்தார்கள், முகவரியைக் கொடுத்தார்கள், பிள்ளைகளின் பெயரையும் பிறந்த நாளையும்கூடக் கொடுத்தார்கள்.

2000ஆம் ஆண்டு மே மாதம் வியாபாரம் படுத்தது. கடை மஞ்சள் கடுதாசி கொடுக்கும் நிலைக்கு வந்தது. கடன்காரர்கள் சூழ்ந்தார்கள். மேசை நாற்காலி விற்பனைக்கு, கிடங்குச் சரக்கு விற்பனைக்கு என்று பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலிலே இன்னொரு சரக்கும் இருந்தது. வாடிக்கைக்காரர்களின் விவரம்! பத்திரிகையிலே விளம்பரமும் வந்தது.

'ஒருபோதும் தரமாட்டோம்' என்ற சொல்லுக்கு ஆயுள் எவ்வளவு பார்த்தீர்களா? கடை திறந்திருக்கும் வரையில்தான்!

முத்திரை கொடுத்த அமைப்பே முறையிட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2000 ஜூலையில் வழக்குத் தொடுத்தது. பிறகு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது: பட்டியலைத் தனியாக விற்கக் கூடாது; இதே துறையிலே உள்ள ஒருவர் கடையை முழுவதுமாக வாங்கி, பழைய வாக்குறுதியையும் ஏற்றுக்கொண்டால் விற்கலாம் என்று. "அதுவும் ஆகாது, ஒருபோதும் என்றால் ஒருபோதும்தான்!" என்று பல மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் எதிர்த்து நின்றார்கள். இறுதியில் 2001 ஜனவரியில், டிஸ்னியின் துணை நிறுவனம் ஒன்று 50,000 டாலர் கொடுக்க, அந்தப் பட்டியல் அழிக்கப்பட்டது. விலை கொடுத்தது, வைத்துக்கொள்வதற்கு அல்ல, இல்லாமல் செய்வதற்கு!

வெற்றிதான். ஆனால் வணிகர் உலகம் இதிலிருந்து கற்ற பாடம் என்ன? 'வாக்குக் கொடுத்தால் காப்பாற்று' என்பதா? இல்லை, தோழர்களே! 'காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதே' என்பது! அதே 2000ஆம் ஆண்டிலே அமேசான் நிறுவனம் தன் கொள்கையைத் திருத்தி எழுதியது. நிறுவனமோ அதன் சொத்துகளோ கைமாறினால், வாடிக்கைக்காரர் விவரமும் கைமாறும் சொத்துகளில் ஒன்றாக இருக்கும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. இன்று எத்தனையோ கொள்கைகளில் இதே வாசகத்தின் சாயலைக் காணலாம். முன்வாசலிலே, "உங்கள் தனியுரிமையை மதிக்கிறோம்" என்ற தோரணம். கொல்லைப்புறத்திலே ஒரு கதவு - தாழ்ப்பாள் இல்லாமல்!

அங்கே சட்டமும் கொஞ்சம் அசைந்தது. விற்கமாட்டோம் என்று உறுதி கூறிய கடை திவாலாகி, அந்த விவரத்தை விற்க முனைந்தால், வாடிக்கைக்காரர் நலனைக் கவனிக்க ஒரு கண்காணிப்பாளரை அமர்த்த வேண்டும் என்று 2005இல் திவால் சட்டத்தைத் திருத்தினார்கள். 2015இல் ரேடியோஷாக் என்ற பழம்பெரும் கடை வீழ்ந்தபோது, 11 கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரம் விற்பனைப் பட்டியலுக்கு வந்தது. மாநிலங்கள் மறித்தன, பெரும்பகுதியை அழிக்க நேர்ந்தது.

2025 மார்ச்சிலே 23அண்ட்மீ என்ற நிறுவனம் திவாலானது. அது விற்றது பொம்மை அல்ல. எச்சிலைக் குழாயிலே அனுப்பினால், உன் முன்னோர் யார், உன் உடலிலே எந்த நோய்க்கு வித்து இருக்கலாம் என்று சொன்ன நிறுவனம். சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் அனுப்பியிருந்தார்கள். கடன் அட்டை எண் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம்; மரபணுவை எங்கே போய் மாற்றுவது? இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் வழக்கு மன்றத்திலே நின்று எதிர்த்தன. கடைசியிலே நிறுவனரே தலைமை தாங்கும் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று, பழைய கொள்கையைக் காப்பதாகச் சொல்லி, 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஒன்றரைக் கோடிப் பேரின் இரத்த பந்தம், ஏலத் தொகையின் பின்னாலே கைகட்டி நின்ற காட்சி அது!

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அதை மறைக்கமாட்டோம். "கடை மூடினால், சம்பள பாக்கிக்காகக் காத்து நிற்பவர்களில் தொழிலாளியும் உண்டே! பட்டியலை விற்றால் அவனுக்கும் நாலு காசு கிடைக்காதா?" என்று கேட்கலாம். கிடைக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறோம். தையற்கடை மூடினால், தையல் இயந்திரத்தை விற்று ஆளுக்குக் கூலி கொடு என்போம். தைக்கக் கொடுத்த துணியை விற்றுக் கூலி கொடு என்போமா? துணி, கொடுத்தவனுடையது. விவரமும் அப்படித்தான். தொழிலாளிக்குத் தரவேண்டிய பாக்கிக்கு முதலாளியின் சொத்து பொறுப்பு. இன்னொரு தொழிலாளியின் வீட்டு முகவரி அல்ல!

"எனக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்பார் இன்னொரு தோழர். ஐயா! இரவிலே வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறீரே, உள்ளே திருட்டுச் சொத்து இருப்பதாலா? நீர் வாங்கிய மருந்தின் பெயர், வேலைக்கு வைப்பவனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? உம்முடைய பணமுடை கந்துவட்டிக்காரனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்கும் இழக்க நிறைய இருக்கிறது.

நம் நாட்டு நிலை என்ன? 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள் - தனியுரிமை அடிப்படை உரிமை என்று. அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாதத் தவணையும் கூடவே வந்தது.

சட்டத்திலே நல்லது உண்டு. நல்லதை நல்லது என்போம். எந்த விவரம், எதற்காக என்று சொல்லித்தான் ஒப்புதல் கேட்க வேண்டும். கொடுத்த ஒப்புதலை, கொடுத்த அதே எளிமையோடு திரும்பப் பெறவும் வழி வேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமல்ல, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படிக்க வாய்ப்பு அளிக்க வேண்டும். ஆம், தமிழிலும்! சட்டமே தரும் இந்த உரிமையை, தமிழிலே கேட்டு வாங்கவேண்டியது நம் கடமை.

குறையும் உண்டு, அதையும் கூறுவோம். விவரத்தைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம். பலே! ஆனால் அந்தத் தண்டம் போய்ச் சேருவது அரசின் தொகுப்பு நிதிக்கு. விவரம் பறிபோனவனுக்கு? இந்தச் சட்டத்தில் இழப்பீடு இல்லை. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலே இருந்த இழப்பீட்டுப் பிரிவையும் நீக்க இதுவே வழி செய்கிறது. மாறாக, பொய்யாகவோ அற்பமாகவோ புகார் கொடுத்தால் குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை தண்டம் உண்டாம்! அடிபட்டவனுக்கு மருந்து இல்லை. அழுதது அதிகம் என்றால் அபராதம்! நிறுவனங்கள் இணையும்போதும் கைமாறும்போதும், நீதிமன்றம் முதலிய அமைப்பு ஏற்ற திட்டமாயிருந்தால், ஒப்புதல் கேட்பது முதலான பல கடமைகளிலிருந்து விலக்கும் உண்டு. அமெரிக்கத் தாய்மார் அச்சப்பட்ட அந்தக் கொல்லைக் கதவு, இங்கேயும் ஒருக்களித்தே நிற்கிறது.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. கொள்கையை நாலு வரியிலே, நல்ல தமிழிலே எழுது. என்ன வாங்குகிறாய், எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்பாய், கடையை விற்றால் என்ன செய்வாய் - இந்த நாலுக்கும் விடை சொல். பறிகொடுத்தவனுக்கு இழப்பீடு கொடு. கைமாறும்போது மறுபடி எம்மைக் கேள்.

நாணயமான வணிகருக்கு இதனால் நட்டம் இல்லை. முகம் தெரியாத கடையிலே முன்பணம் கட்டுகிறோமே, எதை நம்பி? சொல்லை நம்பித்தானே! அந்தச் சொல்லைக் காத்தவன் கடைக்குத்தான் மறுபடியும் கூட்டம் வரும்.

தோழர்களே, இன்றிரவு செல்போனை எடுங்கள். தேவையற்ற கடைகளிலே கொடுத்து வைத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுங்கள். பயன்படுத்தாத கணக்கை நீக்குங்கள். அடுத்த முறை 'சம்மதம்' என்ற பொத்தான் கண் சிமிட்டும்போது ஒரு கணம் நில்லுங்கள். அண்ணாச்சியின் பழைய நோட்டை நினையுங்கள். அதை விற்றிருந்தால் அவருக்கும் பணம் கிடைத்திருக்கும். அவர் விற்கவில்லை. அந்த நாணயத்தைத்தான் நாம் கேட்கிறோம். சலுகையாக அல்ல, உரிமையாக!