முல்லைக் கொடியில் ஒரு கூடு

எங்கள் வீடு திருவனந்தபுரத்தில் கரமனையில் இருக்கிறது. சிறிய ஓட்டு வீடு. வாசல் திண்ணைக்கு மேலே முல்லைக் கொடி படர்ந்திருக்கிறது. மாலையில் அந்தத் திண்ணையில்தான் எழுத்து வகுப்பு நடக்கும்.

ஒரு வருடம் மார்ச் மாதக் கடைசியில் கொடிக்குள் ஒரு கூட்டைப் பார்த்தோம். கிண்ணம் போல் இருந்தது. மெல்லிய வேரும் காய்ந்த புல்லும் வைத்துக் கட்டியிருந்தது. உள்ளே மூன்று முட்டைகள்.

அது கொண்டைக்குருவியின் கூடு. நீங்களும் இந்தக் குருவியைப் பார்த்திருப்பீர்கள். தலையில் கறுப்புக் கொண்டை இருக்கும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பொட்டு. வாலுக்கு அடியிலும் சிவப்பு. மலையாளத்தில் இரட்டைத்தலைச்சி என்பார்கள். பழமும் பூச்சியும் தின்னும். ஆளைக் கண்டு அவ்வளவாகப் பயப்படாது. அதனால்தான் வீட்டு ஓரத்திலேயே கூடு கட்டுகிறது.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. விஷுவுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லியிருந்தார். கொடியை வெட்டினால்தான் முன்சுவரில் அடிக்க முடியும்.

"ஒரு குருவிக்காக விஷுவைத் தள்ளிப்போடவா?" என்றார்.

வகுப்புக்கு வரும் ஆச்சி உடனே கேட்டார்: "பிள்ளைத்தாச்சியை யாராவது வீட்டை விட்டு விரட்டுவாங்களா?"

நான் அப்பாவிடம் பொத்தகுடி கதையைச் சொன்னேன். கதை இல்லை, நடந்தது. பொத்தகுடி சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சிற்றூர். 2020-ஆம் ஆண்டு அங்கே ஒரு சின்னக் குருவி கூடு கட்டியது. எங்கே தெரியுமா? தெருவிளக்குக்கான சுவிட்சுப் பெட்டிக்குள்! சுவிட்சைத் தொட்டால் கூடு கலையும். ஊர்க்காரர்கள் கூடிப் பேசினார்கள். எல்லாரும் உடனே சம்மதிக்கவில்லை. கடைசியில் விளக்கைப் போடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெரு இருட்டாகவே இருந்தது. குஞ்சுகள் பறந்துபோன பிறகுதான் விளக்கு எரிந்தது.

அம்மா சொன்னார்: "அங்கே ஊரே இருட்டில் இருந்தது. நமக்கு ஒரு சுவர்தானேங்க!"

அப்பா பதில் பேசவில்லை. மற்ற மூன்று பக்கமும் வெள்ளை அடித்தோம். விஷு அன்று முன்சுவர் அழுக்காகவே இருந்தது. வந்த உறவினர்கள் கேட்கத்தான் செய்தார்கள்.

கொண்டைக்குருவிக்கு எவ்வளவு நாள் தேவை? முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம். குஞ்சு கூட்டை விட்டு வெளியே வர இன்னும் இரண்டு வாரம். மொத்தம் ஒரு மாதம்தான்.

நாங்கள் ஒரு தப்பு செய்தோம். குஞ்சு பொரித்ததும் தினமும் கொடியை விலக்கி விலக்கிப் பார்த்தோம். வகுப்புக்கு வந்த எல்லாருக்கும் நான்தான் காட்டினேன். மதிலில் இருந்த காகமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் இரண்டு குஞ்சுகள்தான் இருந்தன. தாய்ப் பறவை கத்திக்கொண்டே இருந்தது. இன்று நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கூட்டைத் தூரத்தில் நின்று பார்த்தால் போதும். செம்போத்து, காகம், பூனை எல்லாம் நாம் போகும் இடத்தைக் கவனிக்கும்.

இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்தால் என்ன செய்வது? மெதுவாக எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பார்கள். அது உண்மை இல்லை. இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்தித் தத்திப் போனால் எடுக்க வேண்டாம். அது பறக்கப் பழகுகிறது. தாயும் தகப்பனும் பக்கத்தில்தான் இருக்கும். புழுவும் பூச்சியும் கொண்டுவந்து ஊட்டும். பூனையை மட்டும் விரட்டுங்கள்.

பிடித்துக் கூண்டில் வளர்க்கலாமா? கூடாது. கொண்டைக்குருவியைப் பிடிப்பதும் அதன் கூட்டைக் கலைப்பதும் குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

விஷு முடிந்து மூன்றாம் நாள் எங்கள் குஞ்சுகள் துணி துவைக்கும் கல்லுக்கு வந்தன. வால் குட்டையாக இருந்தது. கொண்டையும் சரியாக முளைக்கவில்லை. அடுத்த வாரம் அவற்றைக் காணோம். அப்பா மறுபடியும் ஆளைக் கூப்பிட்டார். முன்சுவருக்கு ஒரு நாள் கூலி தனியாக ஆனது. கொடியை வெட்டவில்லை. கயிற்றால் ஒதுக்கிக் கட்டிவிட்டு வெள்ளை அடித்தார்கள்.