85 அடி, 74 ஃப்ரேம்... சாஃப்ட்பால் கேட்சரின் த்ரோ எங்கே லேட் ஆகிறது?

"அக்கா, நான் எறிஞ்ச பால் செகண்ட் பேஸுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அவ சறுக்கி, எழுந்து, மண்ணைத் தட்டிட்டு நிக்கிறா!"

சித்தி மகள் போனில் இதைச் சொன்னதும் முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி சாஃப்ட்பால் அணியின் கேட்சர். அடுத்த போட்டிக்கு ஆறு வாரம்தான் இருந்தது. அதற்குள் த்ரோ சரியாகாவிட்டால் வேறு பெண்ணைக் கேட்சராகப் போடுவதாக பி.டி. சார் சொல்லிவிட்டார். 'கையில் தெம்பில்லை' என்பது அவரது தீர்ப்பு. அதனால் இவள் தினமும் சாயங்காலம் ஐம்பது, அறுபது முறை முழு பலத்தோடு எறிந்து பழகியிருக்கிறாள். விளைவு, கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியவில்லை.

எனக்கு இந்தக் கதை புதிதில்லை. நானும் பள்ளியில் இரண்டு வருடம் கேட்சராக இருந்தவள். எனக்கும் இதே தீர்ப்புதான் கிடைத்தது. தோள் வலியோடு பதினொன்றாம் வகுப்பில் விளையாட்டையே விட்டுவிட்டேன்.

சாஃப்ட்பால் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கேட்சர் என்பவர் கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி. பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, பிட்சர் போடும் பந்தைப் பிடிப்பார். ஆனால், கீப்பருக்கு ஸ்டம்ப் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கேட்சருக்கோ ஓட்டக்காரியை அவுட் ஆக்க வேண்டிய செகண்ட் பேஸ் கிட்டத்தட்ட 85 அடி தள்ளி இருக்கிறது. கிரிக்கெட் பிட்ச்சின் நீளமே 66 அடிதான்!

ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவள், பிட்சரின் கையை விட்டுப் பந்து கிளம்பிய நொடியில் செகண்ட் பேஸை நோக்கி ஓடலாம். இதைத்தான் 'ஸ்டீல்' என்கிறார்கள். 60 அடி தூரத்தை அவள் 3 விநாடியில் கடக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி அளவில் பந்து கேட்சரிடம் வந்து சேரவே அரை விநாடிக்கு மேல் போய்விடும். மிச்சமிருக்கும் சுமார் 2.4 விநாடிக்குள் பிடித்து, எழுந்து, எறிந்து, அங்கே ஒருத்தி பந்தை வாங்கி ஓட்டக்காரியைத் தொடவும் வேண்டும்.

கிளவுஸில் பந்து 'டப்' என்று விழுவதிலிருந்து செகண்ட் பேஸில் நிற்பவளின் கிளவுஸுக்குப் போய்ச் சேரும் வரையிலான நேரத்துக்கு 'பாப் டைம்' என்று பெயர். அந்த 'டப்'தான் ஆங்கிலத்தில் 'பாப்'.

போன் சொன்ன உண்மை

ஸ்டாப் வாட்ச் வேண்டாம், நம் விரல் அழுத்தும் தாமதமே கணக்கைக் கெடுத்துவிடும். ஃபர்ஸ்ட் பேஸ் பக்கமாகத் தள்ளி நின்று, கேட்சரும் செகண்ட் பேஸும் ஒன்றாகத் தெரியும்படி வீடியோ எடுக்கச் சொன்னேன். சாதாரண போன் வீடியோவில் விநாடிக்கு 30 ஃப்ரேம். எடிட்டிங் ஆப்பில் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி எண்ணினால் போதும்.

அவளுடையது 74 ஃப்ரேம், அதாவது ஏறக்குறைய 2.5 விநாடி. அதில் பந்து காற்றில் பறந்தது 38 ஃப்ரேம். மீதி 36 ஃப்ரேமும் பந்து அவளிடமேதான் இருந்திருக்கிறது! ஒரு விநாடிக்கும் மேல்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. அவள் த்ரோவின் வேகம் மணிக்கு சுமார் 73 கிலோமீட்டர். அதை 78 ஆக்கினால் மிச்சமாவது இரண்டு, மூன்று ஃப்ரேம்தான். அந்த 5 கிலோமீட்டர் கூட எத்தனை மாதம் பிடிக்குமோ! வீணாகும் ஒரே ஒரு காலடியை எடுத்துவிட்டால் அதைவிட அதிகம் கிடைக்கும்.

வீடியோவில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. பந்தைப் பிடித்து, நேராக எழுந்து நின்று, ஒரு அடி முன்னால் வைத்து, பிறகு திரும்பி, பிறகுதான் எறிகிறாள். பிடித்த கிளவுஸ் முன்னால் நீட்டியபடியே இருக்கிறது. வலது கை அங்கே போய்ப் பந்தைத் தேடி எடுத்து வருகிறது.

அவளை பிசியோதெரபிஸ்ட்டிடம் அழைத்துப்போனார் சித்தி. இரண்டு வாரத்துக்கு எறியவே கூடாது என்று உத்தரவு. அழுதுவிட்டாள். உண்மையில் அந்த இரண்டு வாரம்தான் அவளைக் காப்பாற்றியது.

எறியாமல் ஒரு பயிற்சி

மொட்டை மாடியில் பந்தை எறியாமலே பழகினாள். ஓட்டக்காரி பேஸில் இருக்கும்போது முழுக்கக் குந்தி உட்காரக் கூடாது. இடுப்பைச் சற்று உயர்த்தி, வலது காலைக் கொஞ்சம் பின்னால் வைக்க வேண்டும். பந்து கிளவுஸைத் தொடும்போதே வலது பாதம் உடம்புக்கு அடியில் வந்து திரும்பிவிட வேண்டும். பாதத்தின் உட்பக்கம் செகண்ட் பேஸைப் பார்க்கும். அடுத்து இடது கால் இலக்கை நோக்கி ஒரே அடி. நிமிர்ந்து நிற்கும் வேலையே இல்லை. தலையின் உயரம் பெரிதாக மாறுகிறதா என்று வீடியோவில் பார்த்தாலே தவறு தெரிந்துவிடும். (இடது கையால் எறிபவர்கள் கால்களை மாற்றிப் படிக்கவும்.)

அடுத்து கை மாற்றம். கை கிளவுஸைத் தேடிப் போகக் கூடாது. கிளவுஸ்தான் பந்தைக் கொண்டுவந்து வலது நெஞ்சருகே கையில் கொடுக்க வேண்டும். அங்கிருந்து முழங்கை தோள் உயரத்துக்கு வந்து, கை காதுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும். பெரிய சுழற்றல் எதுவும் வேண்டாம், அது ஃபீல்டருக்குத்தான்.

சாஃப்ட்பால் பெயரில்தான் சாஃப்ட். சுற்றளவு 12 இன்ச். கிரிக்கெட் பந்தைவிட நன்றாகவே பெரிது. சின்னக் கை உள்ளவர்கள் இரண்டு விரலில் மல்லுக்கட்டாமல் மூன்று விரலைத் தையலுக்குக் குறுக்கே வைத்துப் பிடிக்கலாம். பார்க்காமலே விரல் தையலைக் கண்டுபிடிக்க வேண்டும். டி.வி. பார்த்துக்கொண்டே பந்தைக் கையில் உருட்டிப் பழகினாள். சீரியல் கெடுகிறது என்று பாட்டிக்குக் கோபம்.

மூன்றாவது வாரம் மெதுவாக எறிய ஆரம்பித்தாள். முதலில் பாதி தூரம். முழு வேகத்தில் ஒரு நாளைக்குப் பத்து த்ரோ, அதற்கு மேல் இல்லை. ஆட்டத்தில் ஒவ்வொரு பந்தையும் பிட்சருக்குத் திருப்பி எறிவதும் கேட்சர்தான் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிட்சர் நூறு பந்து போட்டால், கேட்சரின் தோளும் கிட்டத்தட்ட நூறு முறை வேலை செய்கிறது. வலி வந்தால் 'பழகப் பழகச் சரியாகும்' என்று பெற்றோர் விட்டுவிடாதீர்கள், ப்ளீஸ்.

இலக்கிலும் ஒரு மாற்றம். முன்பு செகண்ட் பேஸில் நிற்பவளின் முகத்தைப் பார்த்து உயரமாக எறிவாள். இப்போது பேஸுக்கு மேலே முழங்கால் உயரம்தான் குறி. ஓட்டக்காரி சறுக்கி வருவது அங்கேதானே! ஒரு முறை தரையில் குத்திப் போனாலும் நேராகப் போனால் போதும், வானத்தில் வளைந்து போகும் த்ரோவை விட அது மேல்.

ஒலிம்பிக்கில் 2021-ல் டோக்கியோவில் அமெரிக்காவை 2-0 என்று ஜப்பான் வென்ற பிறகு, பாரீஸில் சாஃப்ட்பாலுக்கு இடமில்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் மீண்டும் வருகிறது. இவள் இப்போதே காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள், டி.வி-யில் பார்ப்பதற்குத்தான்.

போட்டிக்கு இன்னும் பத்து நாள். நேற்று வந்த வீடியோவை எண்ணினேன். 67 ஃப்ரேம். பந்து பறப்பது அதே 38 தான், கையின் வேகம் துளிகூடக் கூடவில்லை. குறைந்த 7 ஃப்ரேமும் காலிலும் கை மாற்றத்திலும் கிடைத்தவை. அந்த நேரத்தில் ஓட்டக்காரி நாலு அடிக்கு மேல் ஓடியிருப்பாள். பி.டி. சாரும் வீடியோவைப் பார்த்திருக்கிறார். "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்றாராம்.

கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "அக்கா, இன்னிக்கு பிராக்டிஸ்ல ஒருத்தியை அவுட் ஆக்கிட்டேன். ஆனா, அவ பாதி வழியில கால் தடுக்கிட்டா. அதைக் கணக்குல சேர்த்துக்கலாமா?"