ஒரு வேம்பு பாட்டின் வகையையே மாற்றியது, தெரியுமா?

திணை, கூற்று, உள்ளுறை, மெய்ப்பாடு... தேர்வுக்கு முந்தின இரவு மனப்பாடம் செய்து மறுநாளே மறந்துவிடும் சொற்களா இவை? இல்லவே இல்லை, மாணவர்களே! ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அதிசயம் இருக்கிறது!

அகப்பாட்டில், அதாவது காதல் பாட்டில், யாருக்கும் பெயரே கிடையாது, தெரியுமா?
தலைவன், தலைவி, தோழி, வளர்ப்புத் தாயான செவிலி போன்ற பொதுப்பெயர்கள். அவ்வளவுதான்! ஒருவரையும் பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. நக்கீரரின் நெடுநல்வாடையைப் பாருங்கள். 188 அடி. அரண்மனையில் பிரிவால் வாடும் தலைவி, பாசறையில் உறங்காத தலைவன். அச்சு அசலான அகம்! ஆனால் ஒரு வேலில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளமாயிற்றே! ஆள் இன்னாரென்று தெரிந்துவிட்டது. அந்த ஒரு குறிப்புக்காகவே அதைப் போரையும் அரசரையும் பாடும் புறம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர்.

அகப்பாட்டில் பேசுவது புலவர் அல்ல, தெரியுமா?
குறிஞ்சிப்பாட்டை எழுதியவர் கபிலர். பேசுபவளோ தோழி! தலைவியின் காதலைச் செவிலியிடம் எடுத்துச் சொல்லும்போதே 99 பூக்களின் பெயரை அடுக்கிவிடுகிறாள். இப்படி யார் பேசுகிறார் என்பதைக் காட்டுவதுதான் கூற்று.

பொழுதைச் சொன்னாலே மனநிலை தெரிந்துவிடும், தெரியுமா?
மாலை என்றால் முல்லைத் திணை, காத்திருப்பு. வைகறை என்றால் மருதம், ஊடல். சுடும் நண்பகல் என்றால் பாலை, பிரிவு. நிலமும் பொழுதும் முதற்பொருள், உணர்வு உரிப்பொருள். முதலாவதைக் காட்டி இரண்டாவதை உணரவைத்துவிடுவார் புலவர்!

எருமை மேய்ந்தது எருமைக் கதை அல்ல, தெரியுமா?
மருதப் பாட்டில் ஓர் எருமை கட்டை அறுத்துக்கொண்டு போய்த் தாமரையை மேய்கிறது. வீட்டை விட்டு வேறொருத்தியை நாடிப் போன தலைவனைத்தான் சொல்கிறார்கள்! ஒரு வசவுகூட இல்லை, ஆனால் உறைக்கிறது. இதுதான் உள்ளுறை உவமம்.

சிரிப்புக்கே நான்கு காரணம், தெரியுமா?
உள்ளத்து உணர்ச்சி வெளியே தெரிவதுதான் மெய்ப்பாடு. அது எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களன்கள். மொத்தம் 32! எள்ளலில் பிறக்கும் சிரிப்பு வேறு, பேதைமையில் பிறக்கும் சிரிப்பு வேறு என்று அன்றே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

புகழ்ந்தே மட்டம் தட்டலாம், தெரியுமா?
அரசன் தொண்டைமானின் ஆயுதங்கள் மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளக்கின்றன என்று பாடினார் ஔவையார். தன் மன்னன் அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றனவாம். போர் கண்டவை எவை? புறநானூற்றின் 95ஆம் பாட்டைப் படியுங்கள், புரியும். வஞ்சப்புகழ்ச்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

இனி எந்தப் பாட்டை எடுத்தாலும் கேளுங்கள்: யார் பேசுகிறார்? யாரிடம்? எந்தப் பொழுதில்? சொல்லாமல் விட்டது எது? இந்த நான்கு கேள்விக்கும் விடை தேடினால், நீங்களே உரையெழுதத் தொடங்கிவிட்டீர்கள்!