வெள்ளிமலை ஏற்றத்தில் கொதிக்கும் இன்ஜின்

உளுந்தூர்ப்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடுகிற கார், கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும்போது மட்டும் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ரேடியேட்டரை மாத்துங்க’ என்பார் ஒருவர், ‘வாட்டர் பம்ப் போச்சு’ என்பார் இன்னொருவர். இரண்டையும் மாற்றுவதற்கு முன்னால், பழுது எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

எரிபொருளின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பொதுவாகச் சக்கரத்துக்குப் போகிறது. மீதியில் பெரும்பகுதி வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் கூலன்ட் வழியாகவும் வெளியேற வேண்டும். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் போகும்போது இன்ஜினுக்கு வேலை அதிகம். ஆனால் வேகம் குறைவு என்பதால் போதிய எதிர்க்காற்று இல்லை. ரேடியேட்டர் விசிறியைத்தான் முழுக்க நம்பியிருக்கிறது. ஆகவே மலையில் மட்டும் சூடானால் முதல் சந்தேகம் விசிறிமேல். வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே ஏசியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் விசிறி உடனே சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? ஃபியூஸ், ரிலே, ஒயர், மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். நூறு ரூபாய்கூடப் பெறாத ஃபியூஸில் தொடங்கினால், செலவு வைக்கும் மோட்டாரைத் தொடவே வேண்டியிராது.

நெடுஞ்சாலை வேகத்திலும் சூடானால் கதை வேறு: கூலன்ட் குறைவு, அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப். மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் வால்வு திறக்கவில்லை என்றோ ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்றோ பொருள். காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, சூடேறும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் ஹெட் கேஸ்கெட் வழியே எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். இந்தப் பழுதைச் சரிசெய்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சூடாவதற்கு மட்டுமல்ல, மற்றப் பழுதுகளுக்கும் இதே முறைதான். மெக்கானிக்கின் ஸ்கேனர் காட்டும் குறியீட்டையும் அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘பி 0301’ என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். காரணத்தை அது சொல்லாது. அந்த சிலிண்டரின் இக்னிஷன் காயிலை இரண்டாவதன் காயிலோடு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். குறியீடு ‘பி 0302’ ஆனால் பழுது காயிலில்தான். பழையபடியே ‘பி 0301’ வந்தால் காயில் நல்லது. பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போகலாம். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை இது. ஒரே நேரத்தில் மூன்று பாகங்களை மாற்றிவிட்டால், எது பழுது என்று கடைசிவரை தெரியாது.

மலையில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணைத்து, ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தால் உள்ளிருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் தளர்த்திய நொடியில் முகத்தில் பீறிடும். ஓடை நீரை உடனே ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம். நன்றாக ஆறட்டும். பிறகு மெக்கானிக்கிடம் ‘ஹீட் ஆகுது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த கியரில், எத்தனை நிமிடத்தில், ஏசி ஓடியதா, விசிறி சுற்றியதா என்பதையும் சொல்லுங்கள்.