தனித்தனிப் பணமும் பொதுவான காற்றும்

நிலத்திற்கு எல்லைக்கல் உண்டு. நீருக்குக் கரை உண்டு. காற்றுக்கு இவ்விரண்டும் இல்லை. ஒருவர் வாசலில் எழும் புகை, அடுத்தவர் வீட்டினுள் அனுமதி கேளாமலே நுழைகின்றது. ஆயினும் இக்காற்றைக் காக்கும் பொறுப்பைப் பல அலுவலகங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துள்ளோம். அவை ஒவ்வொன்றும் தனித்தனியே சிறுதொகை ஒதுக்கித் தனித்தனியே விளம்பரம் செய்கின்றன. இத்தொகைகளை ஒன்றுசேர்த்து, போக்குவரத்தும் காற்றின் தூய்மையும் பற்றிய அறிவை மக்களிடம் கொண்டு செல்ல இயலுமா என்பதை நெய்வேலியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெய்வேலியின் காற்று

1935-ஆம் ஆண்டில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீர் தேடித் துளையிட்டபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1962-இல் முதலாம் அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கிற்று. அறுபதாண்டளவில் உழைத்த அந்நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. புதிய நிலையங்கள் அதன் பணியைத் தொடர்கின்றன. நிறுவனமும் 2016 முதல் என்.எல்.சி. இந்தியா என்னும் பெயர் கொண்டது.

நெய்வேலியில் காற்று மாசு என்றவுடன் அனைவர் பார்வையும் புகைபோக்கியின் உச்சிக்கே செல்கின்றது. அஃது இயல்பே. ஆனால் நம் மூக்கின் உயரத்திலேயே பிறக்கும் மாசும் ஒன்றுண்டு. அது சாலையில் பிறப்பது. ஷிப்டு மாறும் வேளையில் அணிவகுக்கும் இருசக்கர வண்டிகள், சாம்பலும் நிலக்கரியும் ஏற்றிச் செல்லும் லாரிகள், விக்கிரவாண்டி–தஞ்சை நெடுஞ்சாலையில் ஓயாது ஓடும் பேருந்துகள், சக்கரங்கள் கிளப்பும் மண்புழுதி ஆகியவை யாவும் இதில் அடங்கும். புகையில் கலந்துள்ள நுண்துகள், தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே ஆகும். மூக்கின் மயிரும் சளியும் தடுத்து நிறுத்த இயலாத அத்துகள், நுரையீரலின் ஆழம்வரை சென்று தங்குகின்றது.

இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்ட துகள் ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது 2009-ஆம் ஆண்டின் இந்திய வரையறை. உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வகுத்த அளவோ 5 மட்டுமே. இவ்விரு எண்களுக்கும் இடையேயுள்ள தொலைவைச் சாலையில் செல்வோருக்கு எடுத்துரைப்பவர் யார்?

பொறுப்புடையோர் பலர்

1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடமைகளுள் மக்கட் கல்வியையும் ஒன்றாகச் சேர்த்துள்ளது. எனவே விழிப்புணர்வூட்டல் சலுகையன்று. சட்டம் விதித்த பணி. 1991-இல் உச்ச நீதிமன்றமும், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், திரையரங்குகளில் சுற்றுச்சூழல் பற்றிய படவில்லைகளைக் காட்ட வேண்டுமெனவும், கல்விக்கூடங்களில் அதனைப் பாடமாக்க வேண்டுமெனவும் பணித்தது.

வாரியத்தைப் போன்றே போக்குவரத்துத் துறைக்கும் வண்டிகளின் புகைச் சான்றிதழ் பற்றி எடுத்துரைக்கும் பொறுப்புண்டு. 1978-இல் அமைந்த பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் எரிபொருளை வீணாக்காதீர் என்கின்றது. நெடுஞ்சாலைத் துறை, அரசுப் போக்குவரத்துக் கழகம், நிலக்கரி நிறுவனம் ஆகியோரும் இதில் தொடர்புடையோரே. சனவரியில் சாலைப் பாதுகாப்பு, சூன் 5-இல் உலகச் சுற்றுச்சூழல் நாள், டிசம்பர் 2-இல் மாசுக் கட்டுப்பாட்டு நாள் என ஆளுக்கொரு நாள் பேரணி நடைபெறுகின்றது. மறுநாள் பதாகை சுருட்டப்படுகின்றது. செய்தியும் அதனுடன் சுருண்டுவிடுகின்றது.

ஐந்து அலுவலகங்கள் ஆளுக்கு ஓர் இலட்சம் ரூபாய் செலவிடுவதாகக் கொள்வோம். ஐந்து முறை ஓவியருக்கும், ஐந்து முறை அச்சகத்திற்கும், ஐந்து முறை மேடைக்கும் பணம் போகும். அதே ஐந்து இலட்சம் ஒரே பையில் இருப்பின், ஒருமுறை செம்மையாகத் தயாரித்த செய்தியை ஓராண்டு முழுதும் ஒலிக்கச் செய்யலாம்.

கூட்டு நிதி புதிதன்று

ஊர் கூடித் தேர் இழுத்தல் நம் வழக்கம். விருதுநகர் வணிகர்கள் தம் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கிப் பள்ளிகளை எழுப்பினர். தனியொருவரால் இயலாததைச் சிறுதுளிகளின் சேர்க்கை நிறைவேற்றிற்று.

அரசுத் துறைகளும் இவ்வழியில் நடந்ததற்குச் சான்றுண்டு. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நெடுஞ்சாலை நிர்வாகம், பொதுப் போக்குவரத்து நிர்வாகம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆகிய மூன்றும் இணைந்து, ‘எல்லாம் கூடித் தூய காற்றாகும்’ எனப் பொருள்படும் பெயரில் ஒரு பரப்புரைத் திட்டத்தை நடத்தின. மூன்று அமைப்புகளும் கூடிப் பொதுவான விளம்பரங்களை உருவாக்கின. உள்ளூர் அமைப்புகள் அவற்றைத் தத்தம் ஊருக்கேற்பப் பயன்படுத்தின. வண்டியைச் செவ்வனே பராமரித்தல், பல வேலைகளை ஒரே பயணத்தில் முடித்தல், இயன்றபோது பேருந்திலோ மிதிவண்டியிலோ செல்லுதல் ஆகிய எளிய செய்திகளே அதில் இடம்பெற்றன.

நெய்வேலியில் வழி என்ன?

2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் தமிழகத்தில் சென்னை, மதுரை, திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி ஆகியவை உள்ளன, நெய்வேலி இல்லை. நெய்வேலி நகரியம் நகராட்சியும் அன்று, நிறுவனமே நிர்வகிப்பது. ஆகவே வெளியிலிருந்து வரும் நிதியை எதிர்நோக்குவதினும், இங்குள்ள நிதிகளை இணைப்பதே அறிவுடைமை.

இங்கு முதன்மையான நிதிகள் இரண்டு. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டு நிகர இலாபச் சராசரியில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். பிற நிறுவனங்களுடன் கூடிச் செலவிடவும் விதிகள் இடமளிக்கின்றன. ஆயின் ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தனியே காட்ட வேண்டும். மற்றொன்று, 2015-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் பிறந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை. சுரங்கம் நடத்துவோர் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையோடு, அதில் 30 அல்லது 10 விழுக்காட்டை இதற்கும் வழங்குகின்றனர். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கான இந்நிதியின் முன்னுரிமைப் பணிகளுள் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் ஒன்று.

இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. தன் பணியாளர்க்கு மட்டும் பயன்படும் செயலைச் சமூகப் பொறுப்புக் கணக்கில் எழுத நிறுவனத்துக்கு இயலாது. எனவே நகரிய வட்டங்களுக்கான செலவை நிறுவனம் தன் நிர்வாக நிதியிலிருந்தும், சுற்றுக் கிராமங்களுக்கான செலவை மற்ற இரு நிதிகளிலிருந்தும் தருதல் முறையாகும். பைகள் வேறாயினும் திட்டம் ஒன்றாதல் வேண்டும்.

காக்க வேண்டிய நெறிகள்

முதலாவது, அளந்து சொல்லுதல். 2015 முதல் நடைமுறையிலுள்ள காற்றுத் தரக் குறியீடு ஆறு நிறங்களால் நிலையை உணர்த்துகின்றது. அதனைத் தமிழில் காட்டும் பலகைகள் பேருந்து நிலையத்திலும் பள்ளி வாயில்களிலும் இருப்பின், மக்கள் தாமே கேள்வி கேட்பர்.

இரண்டாவது, பெரும்பணம் தருபவர் செய்தியைத் தமதாக்கிக் கொள்ளாதிருத்தல். பங்கு வேறுபடலாம், குழுவில் குரல் சமமாக வேண்டும். மருத்துவரும் ஆசிரியரும் கிராம மக்களும் அக்குழுவில் அமர வேண்டும்.

மூன்றாவது, வெளிப்படையான கணக்கு. பொதுப்பணம் அமானிதம். பள்ளிவாசல் கணக்கை ஜமாஅத்தார் முன் படிப்பது போல, இக்கணக்கும் ஆண்டுதோறும் மக்கள் முன் படிக்கப்பட வேண்டும்.

நான்காவது, அறிவுரை கடமைக்கு ஈடாகாது என்பதை மறவாமை. லாரியின் சுமையைத் தார்ப்பாயால் மூடுதல், சாலைப் புழுதியை நீர் தெளித்து அடக்குதல், புகைபோக்கியில் துகளை வடித்தல் ஆகியவை உரியவர்கள் செய்தே ஆக வேண்டியவை. மிதிவண்டியில் செல்லும் தொழிலாளியைப் பார்த்து, ‘காற்றைக் காப்பாற்று’ என்று பதாகை பிடித்துவிட்டு, மூடப்படாத லாரியை அவன் முன்னே ஓடவிடுவது நேர்மையாகாது. விளைநிலத்தைச் சுரங்கத்திற்குக் கொடுத்த ஊர்களில் இத்தகைய பரப்புரையை எவரும் நம்பவும் மாட்டார்கள்.

முடிவுரை

1998-இல் தொடங்கிய புத்தகக் கண்காட்சியின் வாயிலாக நெய்வேலி தமிழ் வாசகர்களை ஒரே இடத்தில் கூட்டிக் காட்டியது. காற்றுக்காகவும் அவ்வாறு கூடுதல் அரிதன்று. மாணவர்கள் இதில் இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு: வீட்டிலுள்ள வண்டியின் புகைச் சான்றிதழ் எந்நாளில் காலாவதியாகின்றது என்று பாருங்கள், நிற்கும் வண்டியின் எஞ்சினை அணைக்கப் பெரியோரிடம் சொல்லுங்கள். பின்னர், இவ்வாண்டு விழிப்புணர்வுக்கென ஒதுக்கிய தொகை எவ்வளவு, அது எவ்வாறு செலவாயிற்று என்று அலுவலகங்களைக் கேளுங்கள். பொதுவான காற்றைச் சுவாசிக்கும் ஒவ்வொருவருக்கும் அப்பொதுப்பணத்தின் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு.