உள்பொறிப் படகில் பொறி மாற்றம்

இக்கட்டுரை படகுகளின் பொறியைப் பற்றியது. செஞ்சிக்கு அருகிலுள்ள ஊரைப் பற்றி அறிய வல்லம் என்ற பக்கத்தைப் பார்க்கவும்.

உள்பொறிப் படகில் பொறி மாற்றம் என்பது, படகின் உடலுக்குள் நிலையாகப் பொருத்தப்பட்ட பழைய பொறியை (எஞ்சினை) அகற்றிவிட்டு அவ்விடத்தில் வேறொரு பொறியைப் பொருத்தும் பணி ஆகும். படகின் பின்புறத்தில் வெளியே மாட்டப்படும் புறப்பொறியைச் சில திருகுகளைக் கழற்றி மாற்றிவிடலாம். உள்பொறி அவ்வாறன்று. அது படகின் அடித்தளத்தில் மரத்தாலோ இரும்பாலோ அமைந்த தாங்குகட்டைகளின் மேல் அமர்ந்து, பற்சக்கரப் பெட்டி, நீண்ட தண்டு ஆகியவற்றின் வழியாக நீருக்கடியில் உள்ள புரொப்பெல்லரைச் சுழற்றுகின்றது. எனவே பொறியை மாற்றும்போது எடை, உயரம், சுழலும் திசை, குளிர்விக்கும் முறை, வெளியேறும் புகை என யாவும் மாறுகின்றன.

தமிழ்நாட்டில் இப்பணி பெரும்பாலும் மீன்பிடி விசைப்படகுகளிலும், பொறி பூட்டிய வல்லங்களிலும் நடைபெறுகின்றது. மேலைநாடுகளில் நீர்ச்சறுக்குப் படகுகள் எனப்படும் பழைய விளையாட்டுப் படகுகளில் இது பரவலாகக் காணப்படுகின்றது. அடிப்படைக் கோட்பாடு இரண்டிற்கும் ஒன்றே.

வரலாறு

பலகைகளை இணைத்துக் கட்டப்படும் வல்லம் பாக்கு நீரிணை, மன்னார் வளைகுடா ஆகிய பகுதிகளுக்கு உரிய பழைய படகு வகையாகும். பாய்மரத்தால் ஓடிய இப்படகுகள் பின்னர் டீசல் பொறிக்கு மாறின. இந்தியாவில் மீன்பிடிப் படகுகளுக்குப் பொறி பூட்டும் முயற்சி இந்திய-நோர்வே திட்டத்தின் மூலம் பெரிதாகத் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் அவை, நோர்வே, இந்தியா ஆகிய மூன்றும் 1952 இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 1953 இல் கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் பணிகள் தொடங்கின. இலங்கையில் நோர்வே உதவியுடன் யாழ்ப்பாணத்தின் காரைநகரில் 1960களில் தொடங்கப்பட்ட சீநோர் படகுத்தளம் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது.

பொறி வந்தபின் பொறி மாற்றமும் வந்தது. மரப்படகின் உடல் நன்கு பேணப்பட்டால் பொறியைவிட நீண்ட காலம் உழைக்கும். ஆதலால் ஒரே படகு தன் வாழ்நாளில் இரண்டு மூன்று பொறிகளைக் காண்பது வழக்கம். தரையில் ஓடும் பேருந்துக்கும் சரக்குந்துக்கும் செய்யப்பட்ட டீசல் பொறிகளைக் கடலுக்கு ஏற்ப மாற்றிப் பொருத்துவது இந்தியக் கரையோரங்களில் பெருவழக்காயிற்று. அசோக் லேலண்டு, கிர்லோஸ்கர் போன்ற உள்நாட்டு நிறுவனங்களின் பொறிகளுக்கு உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைப்பதும், சாலையோரப் பட்டறையில் பழகிய மெக்கானிக்கே கடற்கரையிலும் வேலை செய்ய முடிவதும் இதற்குக் காரணங்கள் எனலாம்.

மீன்பிடித் தடைக்காலமும் பழுதுபார்ப்பும்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் 2001 முதல் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம் கடைப்பிடிக்கப்படுகின்றது. தொடக்கத்தில் ஏப்ரல் 15 முதல் 45 நாட்களாக இருந்த இது, 2017 இல் ஜூன் 14 வரை 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. மீன் இனப்பெருக்கத்தைக் காப்பதே தடையின் நோக்கம். ஆனால் படகு உரிமையாளருக்கு ஆண்டில் படகைக் கரையேற்றிப் பொறியைக் கழற்ற வாய்க்கும் ஒரே நீண்ட இடைவெளியும் இதுவே. வருமானம் நின்றுபோன அதே இரண்டு மாதங்களில்தான் மிகப்பெரிய செலவும் வந்து சேர்கின்றது என்பது கவனிக்கத்தக்கது. தடை முடியும் நாளுக்குள் வேலை முடியாவிட்டால், மீன்வளம் மிகுந்திருக்கும் முதல் சில நாட்களை அப்படகு இழக்கும்.

பாக்கு நீரிணையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் செய்துகொண்ட உடன்பாடுகளால் வரையப்பட்ட கடல் எல்லை இராமேசுவரம் கரையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. நடுக்கடலில் பொறி நின்றுவிட்டால் காற்றும் நீரோட்டமும் படகை எல்லைக்கு அப்பால் கொண்டுசென்றுவிடக்கூடும். சரியாகப் பொருத்தப்படாத பொறி இங்கே பணத்தை மட்டுமன்றிச் சிறைவாசத்தையும் விலையாகக் கேட்கலாம்.

தரைப்பொறியும் கடற்பொறியும்

வண்டியிலிருந்து எடுத்த பொறியை அப்படியே படகில் வைக்க முடியாது. வண்டியின் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைக்கும். படகின் அடிவயிற்றில் காற்று கிடையாது. ஆகவே கடல்நீரே குளிர்விக்க வேண்டும். இதற்கு மூன்று முறைகள் உள்ளன. கடல்நீரை நேரடியாகப் பொறிக்குள் செலுத்துவது மலிவானது. ஆனால் உப்பு உள்ளே படிந்து இரும்பை அரிக்கும். பொறிக்குள் நன்னீர் சுற்ற, அதன் வெப்பத்தைத் தனிக்கலம் ஒன்றில் கடல்நீர் வாங்கிக்கொள்வது இரண்டாவது முறை. நன்னீர்க் குழாயைப் படகின் அடிப்புறத்திற்கு வெளியே கடலோடு உரசும்படி ஓடவிடுவது மூன்றாவது. சேறு நிறைந்த முகத்துவாரங்களில் ஓடும் படகுகளுக்கு இம்மூன்றாவது முறையே ஏற்றது, ஏனெனில் அதில் சேற்றுநீர் எதனுள்ளும் நுழைவதில்லை.

புகைபோக்கியும் மாற வேண்டும். வண்டியில் செந்தணலாகக் காயும் புகைக்குழாய் மூடிய படகறைக்குள் தீயை உண்டாக்கும். ஆதலால் அதைச் சுற்றி நீர் ஓடும் உறை அமைக்கின்றனர். அடியெண்ணெய்த் தொட்டியின் ஆழமும் பார்க்கத்தக்கது. தண்டு சாய்வாகச் செல்வதால் பொறியும் சாய்ந்தே அமரும். தொட்டி பொருந்தாவிட்டால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சும்.

பெட்ரோல் பொறியாயின் இடர் இன்னும் மிகுதி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடியில் தேங்கி நிற்கும். வண்டிக்குச் செய்த ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் வெளியிடும் சிறு தீப்பொறியே படகு வெடிக்கப் போதும். எனவே தீப்பொறி வெளியேறாதவாறு மூடப்பட்ட கடற்பாகங்களையே பொருத்த வேண்டும். கார்புரேட்டரின் வாயில் சுடர்த்தடுப்பான் இருக்க வேண்டும் என்பது ஐக்கிய அமெரிக்காவில் 1940 முதல் சட்டம். பொறியை இயக்குமுன் குறைந்தது நான்கு நிமிடம் காற்றூதியை ஓடவிடுவதும் அங்கு வழக்கம். வண்டியின் பாகம் வடிவத்தில் ஒன்றாகவும் விலையில் குறைவாகவும் இருப்பதால் அதையே மாட்டிவிடும் ஆசை எங்கும் உண்டு; பழைய படகுகளில் நேரும் தீவிபத்துகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

நீர்ச்சறுக்குப் படகுகள்

நீர்ச்சறுக்கு விளையாட்டை 1922 இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் தொடங்கினார். 1960களில் இதற்கெனவே தனிப்படகுகள் வந்தன. கரெக்ட் கிராஃப்ட் நிறுவனத்தின் ஸ்கி நாட்டிக் அவற்றுள் புகழ்பெற்றது. போட்டிகளில் ஆடவருக்கான உச்ச வேகம் மணிக்கு 58 கி.மீ. இழுக்கும் படகு அவ்வேகத்தை மாறாமல் காக்க வேண்டும். பின்னால் எழும் அலையும் தாழ்வாக இருக்க வேண்டும். இதற்காகக் கனமான பொறி படகின் நடுவில் வைக்கப்படுகின்றது.

இவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு, செவ்ரோலே ஆகிய மகிழுந்து, சரக்குந்துப் பொறிகளைக் கடலுக்கு ஏற்ப மாற்றியவையே. ஃபோர்டின் 5.8 லிட்டர் எட்டு உருளைப் பொறி 1990களின் பிற்பகுதியில் வண்டிகளிலிருந்து நின்றுபோனதால், பழைய படகுக்குப் பொறி தேடுவோர் பழுதுநீக்கிய பொறியையோ செவ்ரோலேயின் 5.7 லிட்டர் பொறியையோ நாடுகின்றனர். குளிர்நாடுகளில் பொறி கெடுவதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. பருவம் முடிந்தபின் உள்ளிருக்கும் நீரை வடிக்க மறந்தால், அது உறைந்து விரிந்து வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். தமிழ்நாட்டுப் படகோட்டிக்கு இக்கவலை இல்லை. உப்பு அரிப்பே அவருக்குப் பகை.

இங்கு அடிக்கடி நேரும் பிழை சுழலும் திசையைப் பற்றியது. வண்டிப் பொறிகள் பெரும்பாலும் ஒரே திசையில் சுழலும். சில பழைய படகுப் பொறிகளோ எதிர்த்திசையில் சுழலுமாறு செய்யப்பட்டவை. எதிர்த்திசைப் பொறியை எடுத்துவிட்டு வண்டிப்பொறியை வைத்தால், முன்னோக்கிச் செலுத்தும்போது படகு பின்னோக்கி ஓடும். பின்செல் கியரிலேயே முன்னோக்கி ஓட்டிச் சமாளிக்கலாம் என்று நினைப்பது தவறு. பல பெட்டிகளில் அந்தக் கியர் முழுச்சுமையை நீண்டநேரம் தாங்காது. வெல்வெட் டிரைவ் வகைப் பெட்டியில் எண்ணெய்ப் பம்பைத் திருப்பி வைத்து அதனைத் திசைக்கேற்ப மாற்றலாம். அதைச் செய்யாமல் ஓட்டினால் அழுத்தம் உண்டாகாமல் கிளட்ச் எரிந்துபோகும். அதன்பின் புரொப்பெல்லரையும் எதிர்க்கை வகைக்கு மாற்ற வேண்டும்.

நேர்ப்படுத்தல்

பொறியை இறக்கி வைப்பதைவிட அதனைத் தண்டோடு நேர்ப்படுத்துவதே நுட்பமான வேலை. பற்சக்கரப் பெட்டியின் இணைப்புத் தட்டும் தண்டின் இணைப்புத் தட்டும் ஒன்றையொன்று முழுவதும் தொட வேண்டும். சுற்றிலும் இடைவெளி அளவியைச் செருகிப் பார்த்தால், சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள தட்டில் வேறுபாடு 0.1 மி.மீ. அளவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அதிர்வு தோன்றும், தண்டின் தாங்கிகள் தேயும், தண்டு வெளியேறும் துளையில் நீர் கசியும். கரையில் நேர்ப்படுத்தியது நீரில் நேராக இருப்பதில்லை. கரையில் முட்டுக்கட்டைகளின் மேல் நிற்கும் படகுடல் நீரில் மிதக்கும்போது சற்று வளைகின்றது. மரப்படகில் இது மிகுதி. ஆகையால் ஓரிரு நாள் மிதக்கவிட்டு, இணைப்பைத் தளர்த்தி மீண்டும் அளக்க வேண்டும்.

எவ்வளவு திறன் தேவை

பெரிய பொறி வைத்தால் படகு அதே விகிதத்தில் விரையும் என்ற எண்ணம் பரவலானது, அது சரியன்று. நீரை ஒதுக்கிச் செல்லும் படகு தானே எழுப்பும் அலையில் சிக்கிக்கொள்கின்றது. அதன் எல்லை வேகம் ஏறத்தாழ, நீர்மட்ட நீளத்தின் அடிக்கணக்கின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் கிடைக்கும் கடல்மைல் வேகம் ஆகும். 40 அடி நீளத்துக்கு இது சுமார் 8.5 கடல்மைல், அதாவது மணிக்கு ஏறத்தாழ 16 கி.மீ. அந்த எல்லைக்குக் கீழேகூட வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட, திறனை மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டியுள்ளது. நீரின் மேலெழுந்து செல்லும் நீர்ச்சறுக்குப் படகுக்கு இவ்வெல்லை பொருந்தாது.

எனினும் இழுவலைப் படகில் கூடுதல் திறன் வீணாவதில்லை. அது பெரிய வலையை இழுக்கின்றது. சிக்கலும் இங்கேதான் எழுகின்றது. அதிவேக எஞ்சின் பூட்டிய படகுகள் கடலை அரித்தெடுக்கின்றன என்று நாட்டுப்படகு மீனவர்கள் முறையிட்டு வந்துள்ளனர். இதையொட்டிப் போராட்டங்களும் நடந்துள்ளன. தமிழ்நாட்டில் 1983 ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் படகுகள் பதிவு செய்யப்படுகின்றன. விசைப்படகின் பொறிக்கு 240 குதிரைத்திறன் உச்சவரம்பாக உள்ளது. ஒருவர் பொறியைப் பெரிதாக்கினால் அருகிலுள்ளவரும் அவ்வாறே செய்யும் நிலைக்குத் தள்ளப்படுகின்றார். டீசல் செலவு இருவருக்கும் ஏறுகின்றது, மீன் கூடுவதில்லை.

பொறி மாறியபின் புரொப்பெல்லரையும் சரிபார்க்க வேண்டும். முழு விசையில் பொறி தனக்குரிய சுழற்சி வேகத்தை எட்டாவிட்டால் இதழின் சாய்வு மிகுதி என்று பொருள். அளவுக்கு மேல் சுழன்றால் சாய்வு போதாது. சாய்வளவை ஓர் அங்குலம் மாற்றினால் நீர்ச்சறுக்குப் படகில் நிமிடத்திற்குச் சுமார் 150 முதல் 200 சுற்றுகள் வேறுபடும். எட்டாத வேகத்தில் திணறியபடி ஓடும் டீசல் பொறி கரும்புகை கக்குவதைக் கொண்டே இக்குறையைக் கரையில் நிற்பவரும் அறிந்துகொள்ளலாம்.